லைனில் பிழை இல்லை

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 என்ற கொம்பியூட்டர் விளையாட்டை நாலு பேர் சேர்ந்து விளையாடும்போது இழுபட்டு இழுபட்டு ஓடினால், முதலில் இன்ரநெற்றைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு மாரிகாலம் முழுக்க "உன்ரை லைன் சரியில்லை மச்சான்" என்ற பேச்சைக் கேட்டு, அந்தப் பேச்சுக்காகவே வீட்டுக்குப் புது லைன் இழுத்து, அதற்குப் பிறகும் அதே பேச்சைக் கேட்டவன் சொல்கிறேன்.

எங்கள் ஆட்டம் ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்கு. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் எனக்கு ஏழு என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, லண்டனில் மத்தியானம் இரண்டரை, பாரிசில் மூன்றரை. ஒக்டோபர் முடிவில் ஐரோப்பாவிலும் நவம்பர் தொடக்கத்தில் கனடாவிலும் மணிக்கூட்டைப் பின்னால் திருப்பினால் இன்னும் ஒரு மணித்தியாலம் குழம்பும். நாங்கள் நாலு பேரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் மச்சான்மாரும். சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்து கொம்பியூட்டர்கள் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தொடங்கிய 2002இல், ஒரே வீட்டு விறாந்தையில் இரண்டு கொம்பியூட்டரை வயரால் கொழுவி இந்த விளையாட்டைத்தான் விளையாடினோம். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது. பிறகு ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள். நான் மட்டும் காங்கேசன்துறை வீதியோரம் இருக்கிறேன்.

1999இல் வந்த விளையாட்டை 2019 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் அதற்குத் திராவிடர் என்று ஓர் இனமும் ராஜேந்திர சோழனின் கதையும் சேர்ந்தன. சுருள்வாள் வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். அதைக் கேட்டுத்தான் நாங்கள் நாலு பேரும் திரும்பவும் ஒன்றுகூடினோம். உங்கள் வீட்டிலும் இதே கதையாய்த்தான் இருக்கும்.

முதல் இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. ஆடு மேய்க்கலாம், மரம் வெட்டலாம். கோட்டைக் காலத்துக்கு வந்து ஆளுக்கு நூறு, நூற்றைம்பது படை என்று ஆனதும் குதிரைகள் நின்று நின்று பாயத் தொடங்கும். தண்ணீரில் அலை உறையும். வில்லாளியைத் திருப்பிவிட்டால், அவன் யோசித்துவிட்டுத்தான் திரும்புவான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருந்தது: இழுபடுவது என் திரையில் மட்டும் இல்லை. ரொறன்ரோவிலும் அதே கணம், லண்டனிலும் அதே கணம். எல்லாத் திரையும் சேர்ந்து தடக்கினால் யாரும் என்ன நினைப்பார்கள்? லைன் என்றுதான். நாலு பேரில் லைன் சரியில்லாதவன் யார்? யாழ்ப்பாணத்தில் இருப்பவன். தீர்ப்புச் சொல்ல ரொறன்ரோ மச்சானுக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. ஐ.ரியில் வேலை செய்பவர் என்பதால் மற்ற இருவரும் ஓம் போட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லைன் அவ்வளவு நேரானதுமில்லை. சுன்னாகத்தில் நின்று பார்த்தால் இந்தியா வடக்கே கூப்பிடு தூரம். ஆனால் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்புப் பக்கம் கல்கிசையிலும் தெற்கே மாத்தறையிலும். நான் ஒரு சிப்பாயை நகர்த்தினால் அந்தச் செய்தி முழு இலங்கையையும் தெற்கு நோக்கி ஓடி முடித்துத்தான் கடலில் இறங்கும். அதற்கு மேல் ரொறன்ரோ நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். போய்வர 130 மில்லிசெக்கனுக்குக் குறையச் சாத்தியமே இல்லை. கேபிளின் வளைவு சுழிவையும் சேர்த்தால் அது இன்னும் கூடும். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு காசு கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆனால் இந்த விளையாட்டுக்கு அது போதும். இதை எழுதிய என்சம்பிள் ஸ்ரூடியோஸ்காரர் இருவர் 2001இல் ஒரு கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள், 28.8 மொடெம்மில் 1,500 வில்லாளிகளை எப்படி ஓட்டினோம் என்று. 250 மில்லிசெக்கன் தாமதத்தை விளையாடுபவர் கவனிப்பதே இல்லை, 500 வரையும் தாங்கலாம், ஒரே அளவான தாமதத்தைவிடக் கூடிக் குறையும் தாமதம்தான் எரிச்சல் என்று அதில் இருக்கிறது. என் பிங், அதாவது செய்தி போய்வரும் நேரம், 170, 180இல் அசையாமல் நின்றது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "அது பிங் மச்சான், நான் சொல்றது லைன்" என்று பதில் வந்தது. இதற்கு என்ன சொல்ல?

அந்தப் பேச்சின் முடிவில்தான் புது லைன் வந்தது. பழைய இணைப்பை வெட்டி, வேறு நிறுவனத்தின் ஃபைபர், பதிவுக் காசு, புது றவுட்டர். போதாதென்று மச்சான் பப்ளிக் ஐ.பி. எடுக்கச் சொன்னார், றவுட்டரில் போர்ட் எனும் துளைகளில் 2300இலிருந்து 2400 வரையும் 47624உம் திறக்கச் சொன்னார். அவை டிரெக்ட்பிளே என்ற பழைய இணைப்பு மென்பொருள் காலத்துத் துளைகள். புதிய பதிப்பு நடுவில் ஒரு சேர்வர் வைத்து ஆட்களை இணைக்கிறது. றவுட்டரில் ஒரு துளையும் திறக்க வேண்டியதில்லை. பழைய சீ.டி. பதிப்பை இன்னும் விளையாடுபவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். அவர்கள் வின்டோஸ் 10இல் டிரெக்ட்பிளேயையும் தேடி இயக்க வேண்டும். வின்டோஸ் 7இல் நிறங்கள் பிழையாய்த் தெரிந்தால் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாட வேண்டும். புது லைன் வீண்செலவு என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மகளின் ஒன்லைன் ரியூசன் இப்போது நிற்காமல் ஓடுகிறது, அந்தக் காசு அதற்குப் போனது. விளையாட்டு மட்டும் இம்மியும் மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை றவுட்டரிலிருந்து வரும் வயரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தனியாக ஏழு கணினி எதிரிகளோடு ஓர் ஆட்டம் போட்டேன். முக்கால் மணித்தியாலத்தில் அதே குதிரை, அதே தடக்கல். இன்ரநெற்றே இல்லாத இடத்தில் லைன் எப்படிக் குற்றவாளி ஆகும்? இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை. ஐ.ரிக்காரர் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

ஆட்டம் ஓடும்போதே கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி ராஸ்க் மனேஜரைத் திறந்தேன். அதில் ஜி.பி.யு. 0, ஜி.பி.யு. 1 என்று இரண்டு கட்டங்கள். ஒன்று புரொசசரோடு ஒட்டிப் பிறந்த சின்னது, மற்றது நான் காசு கொடுத்து வாங்கிய கிறாபிக்ஸ் காட். சின்னதின் கோடு கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. காட்டின் கோடு தரையில். பூச்சியம் வீதம். வாங்கிய காட் பெட்டிக்குள் சும்மா இருந்து காற்று வாங்கியிருக்கிறது.

மேசையை இழுத்துப் பின்னால் லைற் அடித்துப் பார்த்தேன். மொனிற்றரிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. வயர், யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில், மதர்போட்டில் செருகியிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே காட்டின் துளை, இறப்பர் மூடி போட்டபடியே. மாரிக்கு முன்னர் கொம்பியூட்டரைத் துப்புரவாக்கக் கடைக்குக் கொடுத்தேன். எங்கள் ஊர்ச் செம்மண் தூசி தெரியும்தானே, காற்றாடி இதழ் முழுக்கச் செங்கல் நிறத்தில் படிந்திருந்தது. துப்புரவு நல்லாய்த்தான் செய்தார்கள். கொண்டுவந்து பூட்டிய தம்பி கைக்கு எட்டின துளையில் வயரைச் செருகிவிட்டுப் போய்விட்டார். சில மதர்போட்டில் காட் இருந்தால் அந்தத் துளையில் படமே வராது, பிழை அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னுடையதில் வந்தது. அதுதான் வினை. இந்தக் கணினி, விளையாட்டே வைக்கும் வேகப் பரிசோதனையில் தேவையான 1,000 புள்ளியைத் தாண்டியது. அப்படித் தேறிய கணினியைச் சந்தேகிக்க எனக்கு என்ன காரணம்? அந்தப் பரிசோதனை துப்புரவுக்கு முன்னர் வைத்தது, அவ்வளவுதான்.

ஒருவனின் கிறாபிக்ஸ் பழுதுக்கு ரொறன்ரோ ஏன் தடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த விளையாட்டில் படையின் இருப்பிடங்கள் வலையில் பயணிப்பதில்லை. கட்டளைகள் மட்டும்தான் போகும். போரை ஒவ்வொரு கணினியும் தானே முழுதாய் நடத்திப் பார்க்கும். எல்லாக் கணினியிலும் ஒரே போர் நடக்க வேண்டும் என்பதால், ஒரு சுற்றை எல்லாரும் முடித்தால்தான் அடுத்த சுற்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தைப் போல: கால் ஏலாதவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். மெதுவான கணினிக்கு ஏற்ப விளையாட்டே சுற்றின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே படம் வரைவதில் பிந்துகிற ஒரு கொம்பியூட்டர், பார்க்கிற எல்லாருக்கும் லைன் பழுது மாதிரியே வேசம் போடும். சின்னக் கிறாபிக்ஸ், புரொசசர் பாவிக்கும் நினைவகத்திலேயே பங்கு கேட்பதால் இரட்டை அடி.

வயரை மாற்றிச் செருகினேன். அந்த ஞாயிறு ஆட்டம் முடியும்வரை ஒரு குதிரையும் நிற்கவில்லை. மச்சான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. "இண்டைக்கு லைன் நல்லாயிருக்கு போல" என்றார்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: டிரைவரைப் புதுப்பியுங்கள், ஸ்ரீமில் கோப்புகளைச் சரிபாருங்கள், கூடுதல் படத்தரப் பொதி போட்டிருந்தால் கழற்றுங்கள், வைஃபையை விட்டு வயரில் விளையாடுங்கள். சாமியறைச் சுவர் தாண்டி வைஃபை வராது. லப்டொப்பில் மாற்றிச் செருக வயர் இல்லை. வின்டோஸ் செற்றிங்ஸில் டிஸ்பிளேக்குள் கிறாபிக்ஸ் என்ற இடத்தில் விளையாட்டைச் சேர்த்து ஹை பெர்ஃபோமன்ஸ் என்று போட வேண்டும். அறை திறக்கும்போது சேர்வரை ஐரோப்பாவில் போடுங்கள். எங்களுக்கும் கனடாவுக்கும் அதுதான் நடு. கனடாக்காரன் தன் வீட்டுப் பக்கத்தில் போடுவான், விடாதீர்கள்.

மின்சாரம் வேறு கதை. மின்நிலையம் உள்ள ஊர், அங்கே கரண்ட் போகாது என்று வெளியில் நினைக்கிறார்கள். சுன்னாகத்தில் நிற்பது நிலையம், சுவிட்ச் வேறிடத்தில். 2022இல் நாட்டுக்கே ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு முழு இலங்கையும் இருண்டது. றவுட்டருக்கு 12 வோல்ற் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் ஒருதரம் கண் சிமிட்டினாலும் ஃபைபர்ப் பெட்டி திரும்ப எழும்பச் சில நிமிடம் எடுக்கும், அதற்குள் உங்கள் கோட்டை போய்விடும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் ஆட்டம் மீண்டும் இழுபட்டது. எல்லாரும் வழமைபோல என்னைப் பார்த்தார்கள். நான் என் ராஸ்க் மனேஜரைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, மற்ற மூன்று பேரையும் போடச் சொன்னேன். ரொறன்ரோவிலிருந்து மட்டும் கனநேரம் படம் வரவில்லை. மச்சான் சார்ஜர் செருகாமல் சோபாவில் சாய்ந்தபடி லப்டொப்பில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார். பற்றரியில் ஓடும்போது அது தன் வேகத்தைப் பாதியாய்க் குறைத்துக்கொள்ளுமாம். இப்போது எங்கள் அறையில் சட்டம் இதுதான்: ஆட்டம் தொடங்க முதல் நாலு பேரும் ராஸ்க் மனேஜர் படம் போட வேண்டும். நீங்களும் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள்.