மனக்காயம்: திலகவதியாரிடம் கற்கும் பாடம்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. நம்மில் பலர் வெளியே சொல்லாத விஷயம். நான் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன். இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்து வருகிறேன். சின்ன வயசுல வீட்டில் குடியும் சண்டையும் பார்த்து வளர்ந்தேன். போன வருடம் நான்கு வருடக் காதல் முறிந்தது. இதைச் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. இதே நிலையில் இருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இதைப் படிக்கலாம், அதற்காகத்தான்.

1. திலகவதியார் பட்ட துயரம்

திருநாவுக்கரசரின் அக்கா திலகவதியார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பட்டதை நின்று யோசித்திருக்கிறோமா? சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்: திருவாமூரில் தந்தை புகழனார் நோயில் இறந்தார். தாய் மாதினியாரும் உடனே போய்விட்டார். திருமணம் பேசி முடித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். இத்தனையும் இளம் வயதிலேயே. உயிரை விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி மருணீக்கியார் அழுது காலில் விழ, அவனுக்காக உயிர் தாங்கினார்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. ‘பக்தி இருந்தா துக்கமே வராது’ என்று புராணம் சொல்லவில்லை. அடியாருக்கும் வாழவே பிடிக்காத நாள் வந்தது. அது பக்திக் குறைவு இல்லை.

2. பழைய வலி ஏன் போகவில்லை?

என் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். வெல்டிங் செய்த இரும்பு வெளியே நல்லாத்தான் தெரியும். ஆனால் ஒரு பக்கம் சூடாகி, சீராக ஆறாததால், உள்ளே அழுத்தம் தங்கிவிடும். மேலே எந்தப் பாரமும் இல்லாதபோதும் அது இருக்கும். இதை ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்போம். பின்னாடி சின்னப் பாரம் வந்தாலே விரிசல் விடலாம்.

சின்ன வயசுக் காயமும் இப்படித்தான். கதவு சத்தமாக மூடினால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். ஆபத்து முடிந்தது அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் காதல் முறிந்தபோது ஓர் ஆளை மட்டும் இழந்த மாதிரி இல்லை. ‘எல்லாரும் என்னை விட்டுப் போயிடுவாங்க’ என்ற பழைய பயமும் சேர்ந்து எழுந்தது.

இரும்பின் அழுத்தத்தை எடுக்க அவசரப்பட மாட்டோம். 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, 25 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுவோம். தடிமன் கூடினால் நேரமும் கூடும். ‘இன்னுமா அதையே நினைச்சிட்டு இருக்க?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

3. கோயிலா, மருந்தா?

உறவினர் ஒருவர் என்னிடம், “விபூதி பூசு, மாத்திரையத் தூக்கிப் போடு” என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் கண் பார்வைக்குக் கண்ணாடி போடுபவரிடம் நாம் அப்படிச் சொல்வதில்லையே! நான் விபூதியும் பூசுகிறேன், மாத்திரையும் எடுக்கிறேன். மனச்சோர்வு மருந்து வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் நல்லா இருக்கேன்னு நாமாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. அதை டாக்டரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

மருணீக்கியாருக்குச் சூலை நோய் வந்த கதையைப் பாருங்கள். அப்போது அவர் சமண மடத்தில் பெரிய இடத்தில் இருந்தார். வலி தாங்காமல் அக்காவிடம் போக முடிவு செய்தார். பகலில் இல்லை. பிறர் அறியாதபடி, வெள்ளை ஆடை போர்த்தி, இரவில் நடந்து திருவதிகை போனார். அக்கா கதவை மூடவில்லை. திருநீறு தந்து, கையோடு கோயிலுக்கு அழைத்துப் போனார்.

உதவி கேட்க வெட்கம் வரும். வெட்கத்தோடே போகலாம், தப்பில்லை. அதே போல், நம்மிடம் ஒருவர் வந்தால் நாம் திலகவதியாராக இருக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டும். பிறகு தனியாக அனுப்பாமல் கூடவே போக வேண்டும்.

4. செய்யக்கூடியவை

• மலேசியாவில் அரசு சுகாதாரக் கிளினிக்கில் மனநலப் பரிசோதனை செய்யலாம். கேள்விகள் கொண்ட தாளைத் தருவார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றை அது பார்க்கும்.

• பல்கலைக்கழகக் கவுன்சலரைப் பாருங்கள்.

• உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1767 எண்ணுக்கு அழையுங்கள். தற்கொலை முயற்சி இப்போது இரு நாட்டிலும் குற்றம் இல்லை. சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

• திலகவதியார் திருவதிகைக் கோயிலில் தினமும் கூட்டி, மெழுகி, பூத்தொடுத்தார். கைக்கு ஒரு சின்ன வேலை. வெள்ளிக்கிழமை மாலை கட்டும் இடத்தில் நானும் உட்காருகிறேன். பேச வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

நான் முழுசா குணமாகவில்லை. சில காலை எழவே கஷ்டம். ஆனால் அது வருவதை இப்போது முன்கூட்டியே அடையாளம் தெரிகிறது, யாரை அழைப்பது என்றும் தெரிகிறது.

கலந்துரையாட:
1. நீங்கள் இரவில் நடந்து போகக்கூடிய ‘அக்கா வீடு’ யாருடையது?
2. நம் வகுப்பில் கொஞ்ச நாளாக வராமல் இருப்பவர் யார்? இந்த வாரம் அவரை யார் அழைப்பது?