கரையும் கொள்ளளவும்

சாமளாபுரம்

தம்பிக்கு,

விசைத்தறியில் இரவு ஷிப்டு முடித்தும், பனியன் கம்பெனிக்குப் புறப்படுமுன்னும் குளத்துக் கரையில் வந்து கூடுகிற நம்மூர்ப் பையன்களுக்கு, போலீஸ் தேர்வின் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்கும் வித்தையை நீ கற்பிக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். அவர்களுடைய கால் தேறுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடுவாய். இருதயம் தேறுவதை நாடியில்தான் பார்க்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாதக்கணக்கில் தவறாது நெடுந்தூரம் ஓடுகிற வாலிபனுடைய இருதயத்தில், இடது கீழறை விசாலமடைந்து, சுவரும் அதற்கேற்பக் கனத்து, துடிப்பொன்றுக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை இறைத்துவந்தது 100 மில்லிலிட்டர் வரை இறைக்க வல்லதாகிறது; ஆகவே, ஓய்வாக இருக்கையில் சரீரம் கேட்கும் நிமிஷத்துக்கு 5 லிட்டரை 70 துடிப்பில் கொடுத்து வந்த இருதயம், 50 துடிப்பிலேயே கொடுத்துவிட்டு நிதானமாக இருக்கிறது. 1899இல் ஹென்ஷன் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்தியர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே இந்த விரிவைக் கண்டறிந்தார். நொய்யல் தண்ணீர் வந்து சேரும் நம் குளத்தைத் தூர்வாரிக் கரையையும் கூடவே பலப்படுத்துவது போன்றது இது என்று பையன்களுக்குச் சொல், உடனே விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் தூர்வாரும் வேலை ஒருநாளில் முடிவதில்லை. 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற புதுக்கோட்டை லட்சுமணனைப் போல ஓட வேண்டுமென்று, முதல் வாரத்திலேயே அவர்கள் உன்னிடம் வேகத்தைக் கேட்பார்கள். நீயோ, பக்கத்தில் வருகிறவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மந்த கதியையே பெரும்பாலான நாட்களுக்கு விதித்துவிடு. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணி நோட்டில் எழுதச் சொல்; வழக்கத்துக்கு மேல் எண்ணிக்கை ஏறியிருந்தாலோ, இராத்தூக்கம் கெட்டிருந்தாலோ அன்றைக்கு ஓய்வு. ஜுரத்தோடு வந்தவனைக் கரையில் ஏறவே விடாதே; அந்நிலையில் கடுமையாக ஓடுவது இருதயத் தசைக்கே அபாயம்.

இன்னொன்றில் நீ கண்டிப்பாயிருக்க வேண்டும். சிலருக்குப் பிறவிக் கூறாகவே இருதயச் சுவர் உட்புறமாகத் தடித்து, கரை உள்ளே சரிந்து குளத்தைக் குறுக்குவது போல அறையைக் குறுக்கிவிடும். இது பயிற்சி தந்த பலமல்ல, வியாதி. ஓடும்போதே மயங்கி விழுகிறவனையும், மார்வலி என்று நிற்கிறவனையும், இளவயதில் திடீர் மரணம் கண்ட குடும்பத்துப் பிள்ளையையும், ஈசிஜியும் எக்கோவும் பார்த்து வைத்தியர் அனுமதிக்கும்வரை ஓடவிடாதே. தேர்வு நெருங்கிவிட்டதே என்று கெஞ்சினாலும் இரங்காதே.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது வாலிபர் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே கிடத்திப் பார்த்தபோது, பிராணவாயுவை உபயோகிக்கும் அவர்களுடைய உச்ச சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்துபோயிற்று. பின்பு பயிற்சியால்தான் மீண்டது. இருதயம் சேர்த்த கொள்ளளவு, விட்டால் வற்றிவிடும் என்பது இதன் பாடம். ஆதலால் தேர்வில் தேறினவர்களின் ஜாபிதாவை வைத்து உன் தொழிலை அளக்காதே. தேறாமல் தறிக்குத் திரும்பிய பையன் மறுநாள் விடியலிலும் கரைக்கு வந்து நிற்கிறானா என்று பார்.

உன் நலங் கோரும்,
பழைய டிரில் வாத்தியார்