ஏடும் தகடும்

நம் கல்லூரிப் பாடற்குழுவினர் 2004-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவிற் பாடிய கீதங்கள் ஒரு குறுந்தகட்டிற் பதிவு செய்யப்பெற்று நூல்நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளன. அது பதிவான காலத்தில் யாம் பிறந்திலேம். அக்குழுவைப் பல்லாண்டு பயிற்றிய ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. ஒவ்வொரு பாடலுக்கும் முன்னர் அவர் கூறிய சிறு முன்னுரைகளே, யாம் அறிந்த அளவில், அவர் குரலாக எஞ்சியிருப்பன. சென்ற ஆண்டு அதனைக் கேட்க விரும்பிக் கருவியில் இட்டபொழுது, ஏழாம் பாடலின் நடுவே 'டிக் டிக்' என்றோர் ஒலி எழுந்து, பின்னர் ஓசை அறவே நின்றுவிட்டது. அத்தகட்டைப் படியெடுத்துக் காக்கும் முயற்சியில் யாம் கற்றவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த வரலாறு அறிந்தார்க்கு இஃது அயலாரின் வேலையன்று என்பது எம் விடை.

குறுந்தகடு என்பது யாது? 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடைய தெளிந்த பிளாஸ்டிக் வட்டு. அதன்மீது மிக மெல்லிய உலோகப் பூச்சும், அதன்மேல் அரக்குப் பூச்சும், அதற்கும் மேல் பெயர் அச்சிட்ட முகப்பும் உள்ளன. செய்தி முழுவதும் உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே தடத்தில் அமைந்துள்ளது. அடுத்தடுத்த இரு சுற்றுக்கு இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டதில் 1.6 கூறேயாம். பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனத்தாரும் கூடி 1980-இல் வகுத்த விதிப்படி, ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று எண்களாக எழுதப்படுகின்றது. ஆகவே தகட்டில் இருப்பது பாட்டன்று, எண்களின் வரிசையே.

தொழிற்சாலையில் அச்சிடப்படும் தகட்டிற்கும், வீட்டுக் கணிப்பொறியில் எழுதப்படும் தகட்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. முன்னதில் எண்கள் நுண்குழிகளாகப் பதிகின்றன. பின்னதிலோ சாயப்படலம் ஒன்று லேசர்க் கதிராற் சுடப்பட்டு நிறம் மாறுவதே எழுத்தாகின்றது. சாயமாதலின் வெயிலும் வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. எம் நூல்நிலையத் தகடு இரண்டாம் வகையினது. சாளரத்தை அடுத்த பேழையிற் பல்லாண்டு இருந்தது. அன்றியும் எவரோ முகப்பின்மேல் பந்துமுனைப் பேனாவால் அழுந்தத் தேதியெழுதியிருந்தனர். தகட்டின் அடிப்பக்கமே மென்மையானது என்றும், முகப்பில் எதுவும் செய்யலாம் என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மறுதலை. அடியிற் பட்ட கீறலுக்கும் உலோகப் பூச்சுக்கும் இடையே பிளாஸ்டிக்கின் கனம் முழுதும் காவலாய் நிற்க, முகப்பில் உள்ளதோ அரக்குப் பூச்சு ஒன்றே. அத்தேதியைத் தகட்டோடு ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். எழுத்துக் கோடுகளின் வழியே ஊசித்துளைகள் போல ஒளி கசிந்தது.

இனி, படியெடுத்தலில் நேரும் பிழைக்கு வருவோம். ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று பழையோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதினர். எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன. காலும் ரகரமும் ஒருவடிவாகவே இருந்தன. படிப்பவன் தன் அறிவுகொண்டு பிரித்தறிய வேண்டியிருந்தது. சிதைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பி, நிரப்பியதைக் குறியாது விட்ட எழுத்தாளராலேயே பாடபேதங்கள் பல பெருகின. வியப்பு யாதெனின், ஒலித்தகட்டைப் படிக்கும் கருவியும் இதனையே செய்கின்றது!

தகட்டில் எண்கள் தனியே எழுதப்படாமல், அவற்றைச் சரிபார்த்துத் திருத்துதற்குரிய துணையெண்களும் உடன் எழுதப்படுகின்றன. ஒருங்கே உள்ள எண்கள் ஒரே கீறலால் அழியாவண்ணம் அவை தடத்தில் கலைத்துப் பரப்பப்படுகின்றன. ஆகலின் சிறு கீறல் எதனையும் கெடுப்பதில்லை. சிதைவு மிகுந்து, துணையெண்களாலும் திருத்த இயலாதவிடத்து, கருவி முன்னும் பின்னுமுள்ள எண்களை நோக்கி இடையெண்ணைத் தானே ஊகித்து இட்டுவிடுகின்றது. ஊகத்திற்கும் அடங்காதாயின் ஓசையை அடக்கிவிடுகின்றது. கேட்கும் செவிக்கு இது நன்மையே. படியெடுப்பவனுக்கோ இது வஞ்சம். ஊகித்த எண் மெய்யெண்ணைப் போலவே படியில் ஏறிவிடும்.

எழுத்துக்கோப்புகள் முதலியவற்றை உடைய தரவுத்தகட்டில் இவ்வாறு நேராது. ஒலித்தகட்டின் ஒவ்வொரு பகுதியிலும் 2,352 பைட்டும் ஒலிக்கே உரியன. தரவுத்தகட்டிலோ அவற்றுள் 2,048 பைட்டே செய்திக்குரியன. எஞ்சியவை இடத்தைக் குறித்தற்கும் பிழை காண்டற்கும் திருத்தற்குமாக ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே அது செவ்வையாகப் படிக்கப்படும், அன்றேல் 'படிக்க இயலவில்லை' என்று வெளிப்படையாகக் கூறிவிடும். ஒரு முறை பிழையின்றிப் படித்து முழுத்தகட்டையும் ஒரே கோப்பாக்கி வைத்தால் வேலை முடிந்தது.

ஒலித்தகட்டிற்கு வேறு முறை வேண்டும். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்னும் நிரலை யாம் பயன்படுத்தினோம். லினக்ஸ் உடையார்க்குச் 'சிடி பாரனோயா' என்பது உண்டு. இவை ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படித்து, விடைகள் ஒத்தாலன்றி ஏற்பதில்லை. ஐயமுள்ள இடங்களை நேரத்தோடு குறித்து அறிக்கையும் தருகின்றன. விற்பனைக்கு வந்த தகடுகளாயின், உலகெங்கும் பிறர் எடுத்த படிகளின் சரிபார்ப்பு எண்களோடு 'அக்யுரேட்ரிப்' என்னும் தொகுப்பின் வாயிலாக ஒப்புநோக்கலாம். எம் தகடு வீட்டில் எழுதியது. ஒப்புநோக்க உலகில் வேறெவரும் இலர். இக்காலத்து மடிக்கணினிகளில் தகடு இடும் வாயிலே இல்லாமையால் யு.எஸ்.பி. வழி இணைக்கும் கருவிகள் இரண்டை இரவல் பெற்றோம். ஒரு கருவி கைவிட்ட இடத்தை மற்றொன்று படித்தலும் உண்டு. மூன்று இரவுகள் சென்றன. ஏழாம் பாடலிலும் ஒன்பதாம் பாடலிலும் சில இடங்களும், ஏழாம் பாடலின் முன்னுரையில் ஓரிடமும் மட்டும் வாரா என்றாயின.

வேறு படி தேட முற்பட்டோம். உ. வே. சாமிநாதையர் 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு முன் ஊர்தோறும் ஏடு தேடியதை வகுப்பிற் படித்திருந்தோம். எம் தேட்டம் இரண்டு தெருக்களுக்குள் முடிந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தகடு ஒன்று தந்தார். பழைய மாணவர் ஒருவர் எம்.பி.3 கோப்புகள் அனுப்பினார். பேராசிரியர் தகடு ஒரு பிழையுமின்றிப் படிந்தது. ஏழாம் பாடலும் ஒன்பதாம் பாடலும் முழுமையாகக் கிடைத்தன. மகிழ்ந்து முன்னுரையைக் கேட்டோம். எம் தகட்டில் ஓசையற்ற அதே இடத்தில் இதுவும் ஓசையற்றிருந்தது. கருவியோ பிழையொன்றும் காட்டவில்லை. பின்னர் விளங்கிற்று: அத்தகடு 2011-இல் நூல்நிலையத் தகட்டிலிருந்தே எடுத்த படி. அந்நாளிற் பேனாவின் சிதைவு மட்டும் இருந்தது. சாயம் மங்கியது பிற்காலத்து. மௌனமும் எண்ணாகவே எழுதப்பட்டுப் பழுதற்ற படியாகிவிட்டது. ஒரே தாயேட்டின் வழிவந்த சுவடிகள் நூறு இருப்பினும் சான்று ஒன்றே என்று பதிப்பாசிரியர் கூறுவதன் பொருளை அன்று உணர்ந்தோம்.

எம்.பி.3 கோப்புகளோ அதற்கும் முன்னர் எடுத்தவை. எனினும் முன்னுரைகளை வெட்டி நீக்கிப் பாடல்களை மட்டுமே கொண்டவை. அன்றியும் எம்.பி.3 என்பது செவிக்குப் புலனாகாதனவென்று கருதுவனவற்றைக் களைந்து சுருக்குவது. 128 கிலோபிட்டு அளவில் மூலத்தின் பதினோரிலொரு பங்கே எஞ்சும். அச்சுருக்கத்திலிருந்து மூலத்தை மீட்டல் இயலாது. காத்து வைத்தற்கு 'பிளாக்' என்னும் வடிவே தக்கது. பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருங்கினும் ஓர் எண்ணும் குறையாது மூலத்தைத் திருப்பித் தரும்.

எடுத்த படியை இரு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை நூல்நிலையத்திலும் மற்றொன்றை வேறு கட்டடத்திலும் இருத்தியுள்ளோம். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணித்து எழுதியுள்ளோம். ஆண்டுக்கொருமுறை மீளக் கணித்து, மாறுபட்டதனை நல்ல படியிலிருந்து புதுக்கலாம். சட்டம் பற்றி வினவுவார்க்கு ஒரு சொல்: 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பயனுக்கும் ஆராய்ச்சிக்குமாக நேர்மையான அளவிற் கையாளுதலை உரிமை மீறலாகக் கொள்ளாது, நிரலொன்றை முறைப்படி உடையவர் இழப்புக்கு அஞ்சிக் காப்புப்படி எடுத்தலையும் விலக்கவில்லை. படியெடுத்து விற்றல் வேறு. அதனை யாம் பேசவில்லை.

ஏழாம் பாடலின் முன்னுரையில் ஆசிரியர், "இப்பாடலுக்கு மெட்டு அமைத்தவர் நம் விடுதி மாணவர்" என்று கூறிப் பெயரைச் சொல்லுகின்றார். மௌனம் அப்பெயரின்மேல் விழுந்துள்ளது. அளவு இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு. சிதைந்த அடிகளைப் பதிப்பாளர் புள்ளியிட்டுக் காட்டுதல்போல, அவ்விடத்தை நிரப்பாது, உடனிருக்கும் குறிப்பில் நேரத்தைக் குறித்து விட்டுவைத்துள்ளோம். அவ்வாண்டு பாடினோர் பலர்க்கும் தகடுகள் அப்பொழுதே எழுதித் தரப்பெற்றன என்று கேள்வி. அவை 2004-இலேயே எழுதியனவாயின், அப்பெயர் அவற்றில் இருத்தல் கூடும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் தம் இல்லத்துப் பேழைகளை ஒருமுறை நோக்கி, தகடு கிடைப்பின் துடையாமலும், மேலே எழுதாமலும், உறையோடு தமிழ்த்துறைக்கு அனுப்பும்படி வேண்டுகின்றோம். படியெடுத்தபின் திருப்பித் தருவோம்.