நத்தையும் சாட்டையும்

இந்திய அரசியலமைப்புச் சட்டம் உருவாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அத்தாமதத்தைக் கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1949ஆம் ஆண்டு வரைந்து காட்டினார். சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் சாட்டையுடன் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். மக்கள் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது.

இச்சித்திரம் பின்னாளில் பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவையில் இதனை எழுப்பியவர்களுள் தொல். திருமாவளவனும் ஒருவர். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். பாடநூலின் தலைமை ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினர்.

நேருவின் சாட்டை நத்தையை நோக்கியதே என்றனர் ஒரு சாரார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடிபட்ட தலைமுறைகளின் நினைவைச் சுமப்பவரின் கண் நத்தையிடம் செல்வதில்லை. அம்பேத்கரின் முதுகுக்குப் பின்னே ஓங்கிய சாட்டையிலேயே நின்றுவிடுகிறது. வரைந்தவர் எண்ணாத பொருள் காண்பவர் வாழ்வில் இருக்கக்கூடும். சங்கர் நேருவையும் பலமுறை கேலி செய்தவர். நேரு அதை விரும்பி ஏற்றார். ஆட்சியில் இருப்பவருக்கு அது எளிது, பெருமையும்கூட! இழிவுபடுத்தப்பட்டோரிடம் அதே சிரிப்பை எதிர்பார்ப்பது முறையன்று.

எனினும், சித்திரத்தை நீக்கியபோது, இவ்வளவையும் வகுப்பறையில் பேசும் வாய்ப்பும் உடன் நீங்கியது.

சிந்தித்து எழுதுக:
1. ‘காண்பவர் வாழ்வில் இருக்கக்கூடும்’ – எப்பொருள்? விளக்குக.
2. இச்சித்திரத்தைப் பாடநூலில் வைத்திருக்கலாமா? நும் கருத்தையும், அதனை மறுப்பவர் கூறக்கூடிய காரணம் ஒன்றையும் எழுதுக.