விளம்பரத்துக்கு ஆள் வைக்கும் முன்

பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் ஏற்கெனவே பேர் இருக்கு. நம்ம தோட்டத்துக்குத்தான் பேர் எடுக்க வேண்டும். பலா மாவு, முந்திரிப் பருப்பு என்று நேரடியாக விற்கும் உழவர்கள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு ஆள் வைப்பது நல்லதுதான். ஆனால் மூணு விஷயத்தை முதல்லயே பேசிடுங்க.

1. வாசகம்: "சர்க்கரை நோயைக் குணமாக்கும் பலா மாவு" என்று போட்டால் நாலு பேர் அதிகம் கூப்பிடுவாங்க. ஆனால் உணவுப் பண்டம் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எழுதினது அவர்னாலும் விற்கிறது நாமதான். நீங்க படிச்சு சரி சொன்ன பிறகே வெளியிடணும்.

2. முத்திரை: பி.ஜி.எஸ். அல்லது என்.பி.ஓ.பி. சான்று இல்லாமல் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போட விடாதீங்க.

3. கணக்கு: பக்கத்தை உங்க செல் நம்பரிலேயே தொடங்குங்க. ஆள் மாறினாலும் வாடிக்கையாளர் நம்மிடமே இருப்பாங்க.

முதலில் ஒரு பலா சீசனுக்கு மட்டும் கூலி பேசுங்க. வாங்க வர்றவங்ககிட்ட "எதைப் பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் குறிச்சு வையுங்க. கொடுத்த பணம் திரும்பி வந்ததா என்று அந்த நோட்டைப் பார்த்து, அடுத்த சீசனுக்கு முடிவு பண்ணலாம்.