ஸ்கேனர் தெரியவில்லையா? டிரைவரைக் கடைசியில் சந்தேகியுங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் போட்டோஸ்டேட் கடையோ, கிள்ளான் கோயில் நிர்வாகத்தின் பழைய கணக்கேடுகளை ஏற்றும் கணினியோ, லினக்ஸில் ஸ்கேனர் தெரியவில்லை என்றால் உடனே வரும் தீர்ப்பு ‘டிரைவர் இல்லை’ என்பதுதான். என் அனுபவத்தில் டிரைவர் கடைசி சந்தேக நபர். முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். கேனன் லைடு வகை ஸ்கேனர்களுக்குத் தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி தரும் மின்சாரமே அதன் சாப்பாடு. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது அதிகபட்சம் 500 மில்லியாம்பியர். மின் இணைப்பில்லாத ஹப்பில் நாலு சாதனங்களோடு அதையும் செருகினால் பாதிப் பக்கத்தில் நின்றுவிடும். கணினியின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகி ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையைக் கொடுங்கள். அதில் ஸ்கேனர் வரவில்லையென்றால் எந்த டிரைவரை நிறுவியும் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள். ஸ்கேனர் தெரிந்தும் உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பழைய மாடல்களில் அங்கே ஒரு பூட்டு இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது அனுமதி. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்குவது ‘சேன்’ என்ற மென்பொருள். அதன் ‘ஸ்கேன்இமேஜ்’ கட்டளை, நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ போட்டால் ஸ்கேனரைக் காட்டி, போடாவிட்டால் கைவிரிக்கிறதா? டிரைவர் சரியாகத்தான் இருக்கிறது. பயனருக்குத்தான் உரிமை இல்லை. டெபியன் வகையில் பயனரை ‘ஸ்கேனர்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சூடோவிலேயே காலம் தள்ளலாமே என்பார்கள். சோதிக்க அது நல்ல வழி, மருந்தாக அல்ல: ஸ்கேன் செய்த கோப்புகள் நிர்வாகியான ரூட்டின் சொத்தாகிவிடலாம், கடைப்பையனால் அவற்றைத் திருத்த முடியாது. சூடோவிலும் வரவில்லை, ஆனால் ‘சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்’ மட்டும் காட்டுகிறது என்றால்தான் டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் குறை ஃபர்ம்வேர் கோப்பாக இருக்கலாம். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 3490 அப்படிப்பட்டது. அதோடு வந்த விண்டோஸ் சிடியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து, அது இருக்கும் இடத்தை சேனின் ‘ஸ்னாப்ஸ்கேன்’ டிரைவருக்கான அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, கைப்பேசியில் படமெடுத்தால் போதாதா? மைகார்டு நகலுக்குப் போதும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளேட்டின் நறுக்குகளுக்குப் போதாது. மடிந்த தாளில் ஒரு புள்ளி மங்கினாலும் எழுத்துணரி ‘க்’கைக் ‘க’ என்று படித்துவிடும். விண்டோஸுக்கே மாறிவிடலாம் என்பதும் எப்போதும் எடுபடாது, ஏனென்றால் புதிய பதிப்புகள் வர வர நிறுவனங்கள் பழைய மாடல்களைக் கைகழுவிவிடுகின்றன. லைடு 30க்கு சேனில் இன்னும் இடமிருக்கிறது. அண்மைக்கால ஆல்-இன்-ஒன் இயந்திரங்கள் பலவற்றுக்குத் தனி டிரைவரே வேண்டாம், ‘சேன்-ஏர்ஸ்கேன்’ போதும் என்பது உண்மை. அலமாரியில் தூங்கும் பழைய ஸ்கேனருக்கு அது உதவாது. ஆகவே புதிது வாங்க லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புமுன், சேன் திட்டத்தின் சாதனப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள். ‘ஆதரவில்லை’ என்று அங்கே எழுதியிருந்தால் மட்டும் பணப்பையை எடுங்கள்.