வீட்டுத் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பு

தறி வேலைக்கும் வயல் வேலைக்கும் இடையூறு இல்லாமல், வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க துணைத்தொழில் ஒன்றைக் கூறுமாறு நம் உறுப்பினர் பலர் கேட்டு வருகின்றனர். அவர்களுள் சிலர் வண்ண மீன் வளர்ப்பைப் பெயர் சுட்டியே கேட்கின்றனர். சென்னையின் வடபகுதியிலுள்ள கொளத்தூரில் பல குடும்பங்கள் இத்தொழிலைக் கொண்டே வாழ்வதை அவர்கள் கேள்வியுற்றிருக்கலாம். 2020ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கும் இடம் அளிக்கப்பட்டதும் இவ்வார்வத்துக்கு ஒரு காரணமாகலாம். ஆர்வம் நல்லதே. ஆயினும் மீன் வாங்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. அவற்றை அறியாமல் தொடங்கிக் கைப்பொருளை இழந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். பிறரைச் சொல்வானேன்? நாமே இழந்திருக்கிறோம்.

முதன்முதலாகக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிய அன்றே அதில் குழாய் நீரை நிரப்பி, மாலையில் இருபது மீன்களை விட்டோம். மூன்று நாள் அவை அழகாகவே நீந்தின. வீட்டுக் குழந்தைகள் வேளைதோறும் தீனி இட்டு மகிழ்ந்தனர். நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. நீர் கலங்கியிருப்பதைக் கண்டு, முழுவதையும் இறைத்துவிட்டு, தொட்டியைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினோம். பத்தாம் நாள் எஞ்சியவை இரண்டே மீன்கள். நோயுற்ற மீனை நம் தலையில் கட்டிவிட்டார் என்று விற்றவரை வைதுகொண்டிருந்தோம். குறை மீனில் இல்லை, நீரில்தான் இருந்தது என்பது வெகுநாள் கழித்தே நமக்கு விளங்கிற்று.

மீன் தன் கழிவைத் தான் வாழும் நீரிலேயே விடுகிறது. உண்ணாமல் எஞ்சிய தீனியும் அதிலேயே அழுகுகிறது. இவ்விரண்டிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. இதனை அகற்றுபவை கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள். அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சே. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பயிருக்கு உரம் என்பதை நம் விவசாய உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நீர்ச்செடிகள் அதனை உண்டு வளரும். சிறிதளவாயின் மீனும் அதனைத் தாங்கும். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் இல்லை. சரளைக் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குடியேறத் தொடங்கியவற்றையும் அன்று நாம் சோப்பினால் கொன்றுவிட்டோம்.

ஆதலால் தொட்டியை அமைத்து நீர் நிரப்பியபின் இரண்டு அல்லது மூன்று வலிய மீன்களை மட்டும் விடுக. முதல் ஆறு வாரம் அவற்றுக்கு ஒரு வேளை தீனியே போதும். அதுவும் இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இருத்தல் வேண்டும். நெடுநாளாக நலமாக ஓடும் தொட்டி ஒன்று நண்பர் வீட்டில் இருப்பின், அதிலிருந்து ஒரு கைப்பிடி சரளையையோ பழைய வடிகட்டிப் பஞ்சையோ வாங்கி வந்து இட்டால் காலம் சற்றுக் குறையும். வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றுக. முழுவதையும் ஒருபோதும் மாற்றலாகாது. வடிகட்டிப் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுக. குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுவதும் திறந்து வைத்தால் அதிலுள்ள குளோரின் நீங்கிவிடும். அவசரத்துக்கு வண்ண மீன் கடைகளில் ஹைப்போ என்னும் உப்புப் படிகம் கிடைக்கிறது.

தொடக்கக்காரர் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தை விரும்புவர். விலை குறைவு என்பதைத் தவிர அதில் நன்மை ஒன்றுமில்லை. நீர் குறைவாயின் நஞ்சு விரைவில் ஏறும். வெப்பமும் விரைவில் ஏறி இறங்கும். நீளம் 60 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 30 சென்டிமீட்டர் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். இதற்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. நீரோடு அதன் எடை 54 கிலோவுக்கு மேலாகும் என்பதை நினைவிற்கொண்டு உறுதியான மேசையில் வைக்க வேண்டும்.

இனி, நம் உறுப்பினர்களுக்கே உரிய சில ஆபத்துகளைக் கூற வேண்டும். இவை பொதுவான மீன் வளர்ப்பு நூல்களில் விரிவாகக் காணப்படுவதில்லை. சாயம் தோய்க்கும் வீட்டில் சாய வாளியும் மீன் வாளியும் ஒன்றாக இருத்தலாகாது. நூலை வெளுக்கப் பயன்படும் பிளீச்சிங் பவுடர் குளோரினே. அது கைவிரலில் ஒட்டியிருந்தாலும் தொட்டிக்குள் கைவிடலாகாது. சாயப்பட்டறைக் கழிவு ஊறும் கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினும், முதலில் ஒரு தனிப் பாத்திரத்தில் அந்நீரை வைத்து ஓரிரு மீன்களை விட்டு ஒரு வாரம் பார்த்த பின்னரே பயன்படுத்துக. வயல் வேலை செய்வோர் மருந்து தெளித்த கையோடு தீனி இடுதல் கூடாது. பைரித்ராய்டு இனத்துப் பூச்சி மருந்துகள் மனிதருக்குச் செய்யும் தீங்கைவிட மீனுக்குச் செய்யும் தீங்கு பன்மடங்கு பெரிது. கொசுவை விரட்ட வீட்டில் ஏற்றும் சுருளிலும் மின்செருகியில் மாட்டும் திரவத்திலும் இருப்பது அந்த இனத்து மருந்தே. காற்றுப் பம்பு அறையின் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துவதால், தொட்டி உள்ள அறையில் இவற்றை விலக்குவதே நலம். போர்டோக் கலவை கலக்கிய வாளியில் தாமிரம் படிந்திருக்கும். தாமிரம் மிகச் சிறிதளவே ஆயினும் மீனுக்கு ஆகாது.

எந்த மீனைத் தேர்ந்தெடுப்பது? கடையில் கண்ணைக் கவர்வதை அன்று. நம் நீருக்குப் பொருந்துவதை. தமிழ்நாட்டில் பல ஊர்களின் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீர். அமேசான் ஆற்றுப் பகுதியின் மென்னீரில் பிறந்த நியான் டெட்ரா போன்றவை இந்நீரில் ஒருவாறு உயிர் வாழலாம். ஆனால் அவற்றை இனப்பெருக்கம் செய்விப்பது தொடக்கக்காரருக்கு எளிதன்று. கடின நீரை விரும்புபவை கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை. இவை முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுபவை. அவற்றுள் கப்பியே முதல் பாடத்துக்கு ஏற்றது.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகரையும் டிரினிடாட் தீவும் ஆகும். ஆண் சிறியது, வால் விரிந்து வண்ணம் மிக்கது. பெண் பருத்தது; வண்ணம் மங்கியது. ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் விடுக. ஆண் மிகுந்தால் அவை பெண்ணை ஓயாது துரத்தி இளைக்கச் செய்யும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெண் குட்டி போடும். வயிற்றின் பின்பக்கத்துக் கரும்புள்ளி அகன்று, வயிறு பின்புறம் சதுரமாகத் தோன்றினால் நாள் நெருங்கிற்று என்று அறியலாம். அப்போது வேலம்பாசி அடர்ந்த தனித் தொட்டிக்கு அதனை மாற்றுக. ஓர் ஈற்றில் இருபது முதல் ஐம்பது குட்டிகள் வரை எதிர்பார்க்கலாம். தாய்க்குப் பாசம் கிடையாது. தன் குட்டியையே விழுங்கும். ஆகவே ஈன்றவுடன் தாயைப் பழைய தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

குட்டிகளைப் பெறுவது எளிது. நல்ல குட்டிகளைப் பெறுவதே அரிது. ஒருமுறை ஆணுடன் கூடிய பெண் கப்பி அந்த விந்தணுக்களைப் பல மாதம் உடலில் காத்துவைத்து, ஆணே இல்லாமலும் ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டி போடும். கடையில் ஆணும் பெண்ணும் கலந்து நீந்தும் தொட்டியிலிருந்து பெண்ணை வாங்கி, விலையுயர்ந்த சிவப்பு ஆணுடன் சேர்த்துவிட்டுச் சிவப்புக் குட்டிகளை எதிர்பார்த்து ஏமாந்தவர் பலர். ஆதலால் தந்தை தாய் இரண்டையும் ஒரே வளர்ப்பாளரிடம், ஒரே இனமாக வாங்குக. பெண் இன்னும் ஆணுடன் சேராத இளம்பருவத்ததாக இருத்தல் வேண்டும். வீட்டில் பிறந்த குட்டிகளையும் நான்காவது வாரம் முதற்கொண்டே கவனித்து, ஆண் என்று தெரிந்தவற்றை உடனுக்குடன் பிரித்துவிடுக. இதற்கு மூன்று தொட்டிகள் தேவை: ஒன்று பெற்றோருக்கு, ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு. பல தலைமுறை ஒரே குடும்பத்துக்குள் பெருகினால் உடல் சிறுத்து முதுகு வளைந்தவை தோன்றும். அப்போது அதே இனத்து ஆணை வேறு வளர்ப்பாளரிடமிருந்து கொணர்தல் வேண்டும்.

கப்பியில் கைதேர்ந்தவர் சண்டை மீனுக்குச் செல்லலாம். கடைக்காரர் இதனை ஃபைட்டர் என்பர். தாய்லாந்து அரசு 2019ஆம் ஆண்டு தன் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது இம்மீனையே. நீரிலுள்ள காற்றோடு மேற்பரப்பிலுள்ள காற்றையும் நேரே சுவாசிக்க வல்லது. வளர்ந்த இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. முட்டையிடுவிக்க, நீரைப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேற்படாமல் வைத்து, காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றை மிதக்க விடுக. முதலில் ஆணை விடவும். பெண்ணைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, அக்குப்பியை ஒருநாளோ இருநாளோ ஆணின் பார்வையில் வைக்கவும். ஆண் இலையடியில் நுரைக்கூடு கட்டியபின் பெண்ணைத் திறந்துவிடுக. முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் ஆண் அதனைக் கடித்துக் கொன்றுவிடவும் கூடும். விழும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்த்துக் காவல் இருப்பது ஆணின் வேலை. ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் படுக்கைவசத்தில் நீந்தத் தொடங்கும். அன்று ஆணையும் அகற்றுக. குஞ்சுகள் மேற்காற்றைச் சுவாசிக்கப் பழகும் வரை தொட்டியை மூடியே வைக்க வேண்டும். குளிர்ந்த உலர்காற்று பட்டால் அவை மடியும்.

குஞ்சுத் தீனியில்தான் பெரும்பாலோர் தோற்கின்றனர். கப்பிக் குட்டி பிறந்த அன்றே பொடித்த தீனியை உண்ணும். சண்டை மீன் குஞ்சின் வாயோ ஊசிமுனை அளவே. அதற்கு நுண்ணுயிர் நீர் வேண்டும். குளத்து நீர் நிறைந்த குப்பியில் வாழைப்பழத் தோல் ஒரு துண்டு இட்டு வைத்தால் சில நாளில் முதலில் கலங்கி, பின்னர் தெளியும். தெளிந்த நீரில் அவ்வுயிர்கள் நிறைந்திருக்கும். மீனை முட்டையிட விடுவதற்கு முன்பே இதனைத் தயார் செய்க. ஒரு வாரம் கடந்தபின் ஆர்டீமியா குஞ்சு கொடுக்கலாம். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கரைத்த நீரில் அதன் முட்டையை இட்டுக் காற்றுச் செலுத்தினால் ஒருநாள் அளவில் பொரித்துவிடும். சாக்கடையில் எடுத்த புழுவை மலிவு கருதி வாங்க வேண்டாம். நோயும் உடன் வரும்.

புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனித்து வைத்துப் பார்த்தபின் பழைய மீனோடு சேர்க்க வேண்டும். உடலில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளி கண்டால் அது தொற்றுநோய். கப்பிக்கும் மோலிக்கும் லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு சேர்ப்பது தொடக்கத்தில் பயன் தரும்.

இனிப் பணத்தைப் பற்றி. சங்கத்தில் கடன் பெற்றுப் பத்துத் தொட்டியோடு தொடங்கலாமா என்று கேட்கின்றனர். ஆறு மாதம் ஒரு தொட்டியை நடத்தி, தம் வீட்டில் பிறந்த கப்பி ஈன்ற குட்டிகளையும் வளர்த்தெடுத்த பின் கேளுங்கள் என்பதே நம் மறுமொழி. இது கடினமாகத் தோன்றலாம். ஆயினும் பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்க வேண்டிய பணம் செத்த மீனாக மிதப்பதைவிட இது மேல். விற்பனையிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒருவர் வளர்த்த முப்பது மீனுக்காக மொத்த வியாபாரி நம் ஊர் வரை வரமாட்டார். பத்து உறுப்பினர் ஒரே இனத்து மீனை ஒரே பருவத்தில் வளர்த்தால் வருவார். ஆர்டீமியா முட்டை வாங்குவதையும், பொதியும் ஆக்சிஜன் உருளையையும் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ளலாம்.

விற்காமல் எஞ்சிய மீனையும் அளவுக்கு மீறி வளர்ந்த மீனையும் ஏரியிலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ விடுவோர் உளர். இரக்கம் கருதியே அவ்வாறு செய்கின்றனர். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று கடையில் விற்கும், தென் அமெரிக்காவில் பிறந்த கவச மீன் இப்படி விடப்பட்டே தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகியுள்ளது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது. உண்பாரும் வாங்குவாரும் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார் குத்தகைக்கு எடுத்த ஏரியில் நாம் விட்ட மீனால் அவர்கள் இழப்படைவது முறையன்று. மிகுந்தவற்றை மற்றொரு வளர்ப்பாளருக்கோ, பள்ளித் தொட்டிக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடுக. அந்தக் கவச மீனையோ முதலிலேயே வாங்காதிருக்கலாம். கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்க ஒரு துண்டுப் பஞ்சு போதும்.